எக்ஸ்ரே அறை ஷரீபா பீவி

மலாயாவில், ஈப்போவில் நான் நர்ஸாக இருந்த ஆஸ்பத்திரிக்குப் போன வருஷம் ஒரு கால்பந்தாட்டக்காரனைத் தூக்கி வந்தார்கள். கணுக்கால் வீங்கியிருந்தது. எலும்பு முறியவில்லை என்று முதல் எக்ஸ்ரே சொன்னது. பெரிய டாக்டருக்கு அது போதவில்லை. ஈயக் கையுறையை மாட்டிக்கொண்டு, ஒரு கையால் அவன் கெண்டைக்காலை அழுத்தி, மறு கையால் பாதத்தை உள்பக்கமாகத் திருகிப் பிடித்தபடியே இன்னொரு படம் எடுக்கச் சொன்னார். எலும்பையும் எலும்பையும் சேர்த்துக் கட்டியிருக்கும் ஜவ்வு அறுந்திருந்தால், திருகும்போதுதான் மூட்டு வாய் திறக்கும். சும்மா கிடக்கிற காலைப் படம் எடுத்தால் எல்லாம் ஒழுங்காகவே தெரியும்.

பக்கத்தில் நின்ற சீன நர்ஸ், "இதை முன்னால் பார்த்திருக்கிறாயா?" என்று கேட்டாள்.

"நூறு தடவையாவது பார்த்திருப்பேன்."

"எங்கே?"

"சங்கரன்கோவிலில்."

அந்தப் பெயரை அவளால் உச்சரிக்க முடியவில்லை. எனக்கோ அன்று முழுக்க வேலை ஓடவில்லை. ஆறு வருஷம் கப்பலும் ரயிலுமாக ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தவளுக்கு, சங்கரன்கோவில் ஸ்டேஷன் ரோட்டு எக்ஸ்ரே அறையின் புளித்த மருந்து வாடை திடீரென்று மூக்கில் ஏறியது. அதோடு ஷரீபா பீவியின் முகமும் வந்தது.

1951-இல் நான் எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு, டாக்டர் முத்துக்குமாரசாமியிடம் நோயாளிகளின் பெயர் எழுதுகிற வேலையில் இருந்தேன். டாக்டர் யுத்த காலத்தில் பட்டாளத்து ஆஸ்பத்திரியில் இருந்தவர். பட்டாளம் கழித்துப் போட்ட எக்ஸ்ரே யந்திரம் ஒன்றை அவர் வாங்கி வந்து பின்னறையில் நிறுத்தியிருந்தார். அது ஓடும்போது தகர டப்பாவுக்குள் வண்டை அடைத்த மாதிரி சத்தம் கேட்கும். அதை இயக்கத் தெரிந்தவர் கம்பவுண்டர் குருநாதன் மட்டும்தான். பாராசூட்டில் குதித்துக் காலை மடக்கிக்கொண்ட சிப்பாய்களுக்கு எடுத்ததுபோல, திருகிப் பிடித்துப் படம் எடுக்கிற முறையை டாக்டர் இங்கேயும் கொண்டுவந்தார். ஊர் அதற்கு முறுக்குப் படம் என்று பெயர் வைத்தது.

ஆண்கள் வந்தால் டாக்டரே பிடிப்பார். பெண்கள் வந்தால் யார் பிடிப்பது? டாக்டர் கையை நீட்டியதும் சேலையைக் கணுக்கால் வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்து போனவர்கள் உண்டு. அதற்காகத்தான் ஷரீபா பீவியை வேலைக்குச் சேர்த்தார்.

அப்போது பீவிக்கு ஐம்பது வயதைத் தாண்டியிருக்கும். புருஷன் சேக் மைதீன் கொழும்புக்குப் பிழைக்கப் போன இடத்தில் காய்ச்சலில் இறந்துபோனார். அதற்குப் பிறகு அவள் பிள்ளை பெற்ற வீடுகளுக்குப் போய்க் குழந்தைகளைக் காலில் போட்டுக் குளிப்பாட்டி, எண்ணெய் தேய்த்து, கைகால் நீவி விடுகிற வேலை செய்துவந்தாள். பச்சைக் குழந்தையின் மூட்டை நோகாமல் எதுவரை மடக்கலாம் என்று அந்தக் கைக்குத் தெரியும். டாக்டர் ஒரே வாரத்தில் பழக்கிவிட்டார். ஆறே மாதத்தில், படம் கழுவி வருவதற்கு முன்பே, "ஏட்டி, எழுதிக்க. ஜவ்வு போயிட்டு" என்று என்னிடம் சொல்கிற அளவுக்கு அவள் வந்துவிட்டாள். டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு அதையே இங்கிலீஷில் சொல்வார்.

அவளுக்கு மனிதர்களின் முகம் நினைவிருக்காது, கால்தான் நினைவிருக்கும். "பீவிம்மா, இந்த அம்மாவைத் தெரியுதா, ஆனியில வந்தாவளே" என்று குருநாதன் கேட்டால், "மூஞ்சியைப் பாத்தா எனக்கு என்னவே தெரியும்? காலைக் காட்டச் சொல்லும்" என்பாள். காலைப் பார்த்ததும், "அட, புளியங்குடி இடது காலா! நல்லாயிருக்கியா தாயி?" என்று தழுவாத குறையாக விசாரிப்பாள்.

கையுறை ஒரே ஒரு ஜோடி இருந்தது. கனமானது, முழங்கை வரைக்கும் வரும். டாக்டர் அதைப் போடச் சொல்வார், இவள் போடமாட்டாள். "இந்த எருமைத் தோலை மாட்டிக்கிட்டா எலும்பு என்ன சொல்லுதுன்னு எனக்கு எப்படிக் கேக்கும்?" டாக்டரும் இரண்டு தடவை சொல்லிவிட்டு விட்டுவிடுவார். வெளியே நோயாளிகள் காத்திருப்பார்கள்.

போன மாதம் ஊருக்கு வந்தபோது, வாசுதேவநல்லூரில் அவளுடைய மகள் வீட்டில் அவளைப் பார்த்தேன். வலது கையில் இரண்டு நகங்கள் கறுத்து, நெடுகக் கோடு விழுந்து பிளந்திருந்தன. விரல் தோல் காய்ந்த எலுமிச்சைத் தோல் மாதிரி இருந்தது. "மருதாணி வச்சு மறச்சிருதேன்" என்று சிரித்தாள். அது வெறுங்கையில் எக்ஸ்ரே கதிர் பட்டுப் பட்டு வந்தது என்று இப்போது எனக்குத் தெரியும். கையுறையைப் போடு என்று அன்று எங்கள் மூன்று பேரில் ஒருவராவது பிடிவாதமாகச் சொல்லியிருக்கலாம். அதைச் சொல்ல வாயெடுத்தேன். அவளோ, "தங்கத்தாயைப் பாத்தியாட்டி? இளையரசனேந்தல் இடது கால்?" என்று பேச்சை மாற்றிவிட்டாள். நூறு கால்கள் பிடித்தவள் முதலில் கேட்டது, தன் கைக்கு வராத அந்த ஒரு காலைத்தான்.

அது ஆவணி மாதம், ஒரு திங்கட்கிழமை. இளையரசனேந்தலிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். முன்னால் மாமியார் கோமதியம்மாள், நெட்டையான உடம்பு, எல்லாருக்கும் சேர்த்து அவளே பேசுவாள். பின்னால் மருமகள் தங்கத்தாய், என் வயதுதான், பத்தொன்பது இருக்கும். மகன் சங்கரபாண்டியன் உள்ளே வராமல் சைக்கிள்கள் நிற்கிற இடத்தில் துண்டைக் கையில் முறுக்கிக்கொண்டு நின்றான்.

"இவளுக்கு என்னம்மா செய்யுது?" என்றார் டாக்டர்.

"அவளுக்கு ஒண்ணும் செய்யலை டாக்டரய்யா. எங்களுக்குத்தான் செய்யுது."

தங்கத்தாய் வாசுதேவநல்லூர்ப் பக்கம் குளத்துப் பாசன ஊரில் பிறந்தவள். தை மாதம் கல்யாணம். சித்திரையில் தண்ணீர்க் குடத்தோடு வரும்போது கரிசல் வெடிப்பில் இடது கால் இறங்கி மடங்கிவிட்டது. புளியும் உப்பும் காய்ச்சிப் பற்றுப் போட்டார்கள், வீக்கம் வற்றியது. ஆனால் அதற்குப் பிறகு நினைத்தாற்போல் கால் மடங்கும், குடத்தோடு உட்கார்ந்துவிடுவாள். ஆடித்தபசுத் திருவிழாவுக்கு முன்னால் கோயிலை நூற்றெட்டுத் தடவை சுற்றுவதாக வீட்டில் நேர்ந்திருந்தார்கள். பதினொன்றாவது சுற்றில், சொந்தக்காரர்கள் அத்தனை பேர் பார்க்க, கால் மடங்கி விழுந்தாள்.

"வயல்ல நடந்த காலுக்குக் கரிசல் ஆகலைபோல" என்றாள் கோமதியம்மாள். "அது கிடக்கட்டும். இவ அக்காக்காரி சின்னதுலயிருந்தே நொண்டுதா. குடும்பத்துக் காலு. மறச்சுக் கட்டி வச்சிட்டாவ. வெள்ளிக்கிழமை ரெண்டு வீட்டுப் பெரியவங்களும் உக்காந்து பேசப் போறோம். அதுக்குள்ள நீங்க ஒரு காயிதம் எழுதித் தரணும்."

"என்னன்னு?"

"பொறவிக் குத்தம்னு. திருப்பி அனுப்பிருவோம்."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "படம் எடுக்காம எழுத முடியாதும்மா. ரெண்டு காலையும் திருகிப் பிடிச்சுப் படம் எடுப்போம். ரெண்டுமே தளர்ந்திருந்தா அது பொறவி. இடது மட்டும் தளர்ந்திருந்தா அது அடிபட்டது, கட்டுப் போட்டுப் பாக்கலாம்."

"ரெண்டுமே தளரலைன்னா?"

"தளரலைன்னா ஒண்ணுமில்லைன்னு அர்த்தம்."

"அப்ப நடிக்கான்னு அர்த்தம்" என்று முடித்துவைத்தாள் கோமதியம்மாள்.

உள்ளே மருமகளின் காலிலிருந்த மஞ்சள் பற்றை நான்தான் ஈரத் துணியால் துடைத்தேன். தங்கத்தாய் குனிந்து மெதுவாகக் கேட்டாள்: "படத்துல என்ன தெரிஞ்சா நான் வீட்டுல இருக்கலாம்?"

"இடது கால் மட்டும் கெட்டிருக்கணும்."

"கெட்டுத்தான் இருக்கு" என்றாள் அவசரமாக. தன் கால் கெட்டிருக்க வேண்டுமே என்று ஒருத்தி சாமியைக் கும்பிட்டதை அன்றுதான் பார்த்தேன்.

வலி இருந்தால் கால் தானாக இறுகிக்கொள்ளும் என்பதற்காக டாக்டர் மரத்துப்போகிற ஊசி போட்டார். ஷரீபா பீவி தரையில் மண்டியிட்டுப் பாதத்தைப் பிடித்தாள். குருநாதன் யந்திரத்தை முடுக்கினார். முதலில் வலது, பிறகு இடது. எப்போதும் படம் எடுத்ததும் ஏதாவது சொல்லுகிறவள் அன்று ஒன்றும் சொல்லவில்லை. படம் கழுவி வந்தது. டாக்டர் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். இரண்டு காலிலும் மூட்டுக் கோடுகள் தண்டவாளம் மாதிரி ஒரே சீராக ஓடின.

"ரெண்டும் நல்லாத்தான் இருக்கு" என்றார்.

"பாத்தியளா!" என்றாள் கோமதியம்மாள். வாசலைப் பார்த்து, "ஏலே, கேட்டியா? உன் பொண்டாட்டிக்குக் காலு நல்லா இருக்காம்!" என்று கத்தினாள். தங்கத்தாய் அழவில்லை. தன் காலையே யாரோ ஒருத்தியின் காலைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் பீவி வாய் திறந்தாள். "டாக்டரய்யா, இந்தப் படம் பொய்."

"படம் எப்படி பீவி பொய் சொல்லும்?"

"அவ கால் என் கைக்கு வரவேயில்ல. கன்னுக்குட்டியை இழுத்தா நாலு காலையும் ஊனிக்கிட்டு நிக்குமே, அப்படி நின்னுச்சு. திருகாத காலைத்தான் நீங்க படம் எடுத்திருக்கீங்க."

"ஊசி போட்டாச்சே. வலி இல்லையே. பின்ன ஏன் இறுக்குதா?"

பீவி தங்கத்தாய் பக்கம் திரும்பினாள். "ஏட்டி, நான் தொட்டதும் என் கையைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டியே, எதுக்கு?"

தங்கத்தாய் மாமியாரை ஒரு தரம் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "உங்களுக்கு எங்க அத்தை வயசு. நீங்க என் காலைப் பிடிக்கலாமா? எனக்குப் பாவம் வராதா? வேணும்னு இறுக்கலை பீவிம்மா. உங்க கை பட்டதும் காலு அதுவாப் பின்னால போகுது."

"அதுல ஒண்ணும் குத்தம் சொல்ல முடியாது" என்றாள் கோமதியம்மாள். தன்னையறியாமல் அவள் மருமகளை மெச்சிய முதல் வார்த்தை அதுவாகத்தான் இருக்கும்.

டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அவர் யோசித்தது எங்களுக்கும் புரிந்தது. அதுவரை வந்த வயதான பெண்கள் காலை நீட்டிவிட்டுப் பேசாமல் கிடந்தார்கள். இளசுகள் எத்தனை பேர் இப்படிக் கூசி இறுக்கினார்களோ, எத்தனை பேருக்கு ஒன்றுமில்லை என்று எழுதிக் கொடுத்தோமோ. பிற்பாடு பழைய படங்களையெல்லாம் எடுத்துப் பார்த்து, மூன்று பெண்களுக்குத் திரும்ப வரச்சொல்லி என்னைக் கார்டு எழுதவைத்தார்.

ஆனால் அன்று ஒரே ஒரு ஃபிலிம்தான் மிச்சம் இருந்தது. அடுத்த பெட்டி சனிக்கிழமை ரயிலில்தான் வரும், பேச்சு வெள்ளிக்கிழமை. ஒரு ஃபிலிமிலேயே பாதியை ஈயத் தகட்டால் மூடி இரண்டு காலையும் எடுத்துவிடலாம். எடுத்தால் ஒரு தடவைதான். அதனால் முதலில் யந்திரம் இல்லாமல் பிடித்துப் பார்த்தார்கள்.

"என்னைப் பெரியவளா நினைக்காத. உன்னைப் பெத்தவன்னு நினைச்சுக்க" என்றாள் பீவி.

"ஐயையோ, பெத்தவ பிடிக்கலாமா!" கால் இன்னும் பின்னால் இழுத்துக்கொண்டது.

"அப்ப நீ பிடிட்டி" என்று பீவி என்னைத் தள்ளினாள். என் வயதுக்காரி என்பதால் அவளுக்கு என்னிடம் கூச்சமில்லை. ஆனால் பழக்கமில்லாத என் விரல்கள் பட்டதும் உள்ளங்கால் கூசி அவள் சிரித்துவிட்டாள். அந்தக் களேபரத்திலும் நானும் சிரித்தேன். "ரெண்டும் உருப்பட்டுரும்" என்றார் குருநாதன்.

பீவி தரையில் அப்படியே உட்கார்ந்து தங்கத்தாயின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டாவது விரலில் புது வெள்ளி மெட்டி இருந்தது.

"ஏட்டி, இந்த மெட்டி போட்டது யாரு?"

தங்கத்தாய் தலை குனிந்தாள்.

"ஏ தம்பி!" என்று பீவி வாசலைப் பார்த்துக் கூப்பிட்டாள். "சைக்கிளுக்குக் காவல் நின்னது போதும். உள்ள வா!"

கோமதியம்மாளுக்கு விஷயம் விளங்க ஒரு நிமிஷம் பிடித்தது. விளங்கியதும், "ஆம்பளை பொண்டாட்டி காலைப் பிடிக்கதா? நாலு பேர் முன்னால?" என்று குறுக்கே வந்தாள்.

"கல்யாணத்தன்னைக்கு அம்மி மேல வச்சு நானூறு பேர் முன்னால பிடிச்சானே தாயி, அப்ப நீங்க எங்கன போயிருந்திய?"

குருநாதன் இருமலை அடக்குவதுபோலத் திரும்பிக்கொண்டார். கோமதியம்மாள் வழியை விட்டு ஒதுங்கினாள்.

சங்கரபாண்டியன் வேட்டியை மடித்துக்கொண்டு மண்டியிட்டான். பீவி அவன் கைமேல் கை வைத்துச் சொல்லிக்கொடுத்தாள். "முதல்ல வலது கால். ஒரு கை இங்கன, மேலே. இன்னொண்ணு குதிங்காலுக்கு. கலப்பையைப் பிடிக்கமாதிரி அமுக்காத, பால் கறக்கமாதிரி வழுக்கவும் விடாத. இப்ப உள்ள திருகு. எங்கன நிக்குதுன்னு பாரு."

"கல்லுல இடிச்சமாதிரி நிக்கி."

"அது நல்ல கால். இப்ப இடது."

தங்கத்தாய் கண்ணை மூடியிருந்தாள், முகம் சிவந்திருந்தது. கால் அவன் கையில் துணிபோலக் கிடந்தது. அவன் திருகினான். நின்றிருக்க வேண்டிய இடத்தில் அது நிற்கவில்லை. இன்னும் கொஞ்சம் போனது. உள்ளே ஏதோ மெல்ல நழுவியதை நாங்கள் பார்க்க முடியாது, அவன் முகத்தில்தான் பார்த்தோம். சட்டென்று கையை எடுத்துவிட்டான்.

"எம்மா, இது நிக்கவே இல்லை. போய்க்கிட்டே இருக்கு. இந்தக் காலை வச்சுக்கிட்டா இவ இத்தனை நாள் தண்ணி எடுத்தா?"

"நீ பொண்டாட்டி பக்கம்தான் பேசுவ."

"அப்ப நீங்க பிடிச்சுப் பாருங்க."

கோமதியம்மாள் ஓர் அடி பின்னால் போனாள். மாமியார் மருமகள் காலைத் தொடுவதாவது! அவளுக்கும் இனி படம்தான் சாட்சி.

பீவி கையுறையை எடுத்து, அவன் வேண்டாம் என்று சொல்வதற்குள் இரண்டு கையிலும் மாட்டிவிட்டாள். "எலும்பு சொல்லுததை இனி நீ கேக்க வேண்டியதில்ல. பிடிச்சாப் போதும்." பாதி ஃபிலிமில் வலது கால், மறுபாதியில் இடது. குருநாதன் எண்ணிய மூன்று எண்ணிக்கையும் எனக்கு முந்நூறாகத் தோன்றியது.

படம் ஈரம் சொட்டச் சொட்ட வந்தது. டாக்டர் பார்த்தார், பிறகு ஒன்றும் சொல்லாமல் கோமதியம்மாள் கையிலேயே கொடுத்தார். அவள் ஜன்னலோரம் போய்த் தூக்கிப் பிடித்தாள். வலது காலில் கோடுகள் அப்படியே சீராக இருந்தன. இடது காலில், வெளிப்பக்கமாக, வெற்றிலைப் பெட்டி மூடியை ஒரு பக்கம் தூக்கியதுபோல இடைவெளி திறந்திருந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் அது தெரியும். ஓரத்தில் சின்னதாக, மகனுடைய கையுறையின் வெள்ளை நிழல்.

வெகுநேரம் பார்த்தாள். பிறகு டாக்டரிடம் கேட்டாள்: "பொறவியா இருந்தா ரெண்டும் திறந்திருக்கணும்லா?"

"ஆமாம்மா."

"இது ஒண்ணுதான் திறந்திருக்கு."

"ஆமாம்மா."

"அப்ப எங்க காட்டு வெடிப்புதான் பண்ணியிருக்கு." படத்தைத் திருப்பிக் கொடுக்கவில்லை. "இதை நான் கொண்டுபோறேன். வெள்ளிக்கிழமை வேணும்."

அன்றே முழங்காலுக்குக் கீழே மாவுக்கட்டுப் போட்டு ஆறு வாரம் என்று டாக்டர் சொன்னார். "ஆறு வாரம் தண்ணி யாரு எடுப்பா?" என்றாள் கோமதியம்மாள். "நான் எடுக்கேன்" என்றான் சங்கரபாண்டியன். "ஊரு சிரிக்கும்லே." "சிரிக்கட்டும்." தங்கத்தாயை அவன் தூக்கிக்கொண்டுபோய் வண்டியில் வைத்தபோது ஸ்டேஷன் ரோடே நின்று பார்த்தது.

வெள்ளிக்கிழமை நடந்ததைக் கட்டுப் பிரிக்க வந்தபோது அவன்தான் சொன்னான். பெரியவர்கள் பேச ஆரம்பிப்பதற்கு முன்பே கோமதியம்மாள் படத்தை வெயிலுக்குக் காட்டி, எது நல்ல கால், எது கெட்ட கால் என்று பாடம் நடத்திவிட்டாளாம். பெண் வீட்டுப் பெரியவர் ஒருவர் படத்தைத் தலைகீழாகப் பிடித்ததற்குத் திட்டு வேறு வாங்கினாராம்.

கட்டைப் பிரித்துவிட்டு, சங்கரபாண்டியனே பிடிக்க, இன்னொரு படம் எடுத்தோம். இடைவெளி பாதிக்குமேல் குறைந்திருந்தது. முழுக்க மூடவில்லை. டாக்டர் மறைக்காமல் சொன்னார். அடிபட்ட அன்றே வந்திருந்தால் முழுக்கக் கூடியிருக்கும், இப்போது இவ்வளவுதான். வெளிப்புறம் குதிகாலை உயர்த்தித் தைத்த தோல் செருப்பை ஒரு வருஷம் போட்டு நடந்தால் கால் மடங்காது. வீட்டில், காட்டில், எங்கே போனாலும் போட வேண்டும்.

சிக்கல் அதில்தான் இருந்தது. அவர்கள் தெருவில் பெரியவர்கள் உட்கார்ந்திருக்கும்போது மருமகள் செருப்புக் காலோடு நடக்கமாட்டாள். தங்கத்தாய் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாரும் கோமதியம்மாளைப் பார்த்தோம்.

அவள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "ஒத்தைக் காலுக்கு மட்டும் தருவியளா, ரெண்டுக்குமா?"

"ரெண்டுக்கும்தான் தைக்கச் சொல்லுவேன்" என்றார் டாக்டர்.

"அப்பச் சரி. ஒத்தைச் செருப்போட நடந்தா, மாமியாக்காரி இன்னொண்ணைப் புடுங்கிக்கிட்டான்னு ஊரு என்னையில்லா சொல்லும்."